ஈரக் கட்டை

ஹூசும் நகரின் திருமணப் பதிவு அலுவலக வாசலில் படமெடுக்கும் ஹைக்கேவுக்கு இன்னும் நாலே நிமிடம். அதன்பின் அடுத்த ஜோடியின் முறை. அந்த மணப்பெண் படியோரம் குடையைச் சுழற்றியபடி நிற்கிறாள். அந்த ஊர் வழக்கப்படி புதுத்தம்பதி ரம்பத்தை ஆளுக்கொரு முனையில் பிடித்து மரக்கட்டையை அறுத்து முடித்தால்தான் குடும்பப் படம். கட்டையோ ஈரம். ரம்பத்தைப் பாதியில் கவ்விக்கொண்டு விட மறுக்கிறது. மாப்பிள்ளை டோர்பென்னின் காதுமடல் சிவக்கிறது. மணப்பெண் யானாவின் வெள்ளைக் கையுறையெல்லாம் மரத்தூள். "தள்ளாதடா! நான் இழுக்கும்போது விட்டுக் குடு!" "விட்டுட்டுதானேடி இருக்கேன்!" விருந்தினர் சிரிக்கிறார்கள். ஹைக்கேவுக்குச் சிரிப்பு வரவில்லை. லென்ஸில் விழும் தூறலைத் துடைக்கிறாள், கடிகாரத்தைப் பார்க்கிறாள், மறுபடி துடைக்கிறாள். "சீக்கிரம்பா, சீக்கிரம்!" படியோரம் குடை விழும் சத்தம். காத்திருந்த மணப்பெண் கவுனைத் தூக்கிப் பிடித்தபடி வந்து டோர்பென்னைத் தோளால் இடித்து ஒதுக்குகிறாள். "நகருங்க. எங்கப்பா தச்சர்." இரண்டு வெள்ளைக் கவுன்கள் முன்னும் பின்னும் ஆடுகின்றன. கட்டை தொப்பென்று விழுகிறது. கூட்டமே கத்துகிறது, ஹைக்கே கேமராப் பொத்தானை அமுக்குகிறாள். அதற்குள் உள்ளேயிருந்து அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். கேமராவின் சின்னத் திரையில் குடும்பமே வாய்விட்டுச் சிரிக்கிறது; நடுவில் இரண்டு மணப்பெண்கள் ரம்பத்தோடு நிற்கிறார்கள். ஓரத்தில் மாப்பிள்ளையின் முழங்கை மட்டும் தெரிகிறது.