மக்காத நூல்

2019 நவம்பர் 14, வியாழக்கிழமை, மாலை நான்கு மணி. இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் உள்ள என் வயலில் உலோகம் கண்டறியும் கருவியுடன் தேடும் டெரிக், தொடர்ந்து ஆறாவது வாரமாக ஒரு ராணுவப் பொத்தானுடன் வந்தார். அந்த வாரம் என் கதவைத் தட்டியவர் வேறு எவருமில்லை.

“இது எந்தக் காலம், மிஸஸ் தர்லோ?”

“கிரீடத்தோட வடிவத்தைப் பாருங்க. ராணி வர்றதுக்கு முந்தின ராஜா காலத்துது. 1953க்கு முன்னாடி.”

தேநீரை உறிஞ்சியபடி அவர் பொத்தானைத் திருப்பினார்.

“அறுபது வருஷத்துக்கு மேல மண்ணுல கிடந்திருக்கு. தைச்ச நூல் மட்டும் மக்கலையே!”

திறந்திருந்த அலமாரியில் தொங்கிய, மறைந்த என் கணவரின் ராணுவக் கோட்டில் இரண்டு பொத்தான்களே மிஞ்சியிருந்தன. டெரிக் அதைப் பார்த்தபடி சொன்னார்.

“மிச்சத்தையாவது கோட்டுலயே விட்டுவைங்க. இந்தக் குளிர்ல குனிஞ்சு புதைக்கணுமா? டீ குடிக்க வான்னா வரமாட்டேனா?”

இனி வியாழன்தோறும் நான்கு மணிக்கு அவர் வெறுங்கையுடன் வரலாம், சேற்றுக் காலணிகளை மட்டும் வெளியே கழற்ற வேண்டும் என்று முடிவாயிற்று.