மருமகள் வைத்த பெயர்

நைஜீரியாவின் யொரூபா இனத்தில், ஒரு வீட்டுக்கு வாழவரும் பெண், தான் வருவதற்கு முன்னால் அங்கே பிறந்த யாரையும் பெயர் சொல்லி அழைக்கக்கூடாது. அவளாகவே ஒரு பட்டப்பெயர் வைத்துத்தான் கூப்பிட வேண்டும்.

அறிவியல் டீச்சரான சிமிசோலா, கோள்களின் பெயர்களை வைத்தாள். மூத்த நாத்தனார் இபிரோன்கே வெள்ளி; இளையவள் அபேனி செவ்வாய்.

இபிரோன்கேவுக்குத் தலைகால் புரியவில்லை. புதுப்பெண் முதன்முதலாக வைத்த குழம்பை, "நாய்க்கு ஊத்து" என்று எல்லார் முன்னாலும் திருப்பி அனுப்பியவள் அவள். அதில் பயந்துபோய்த்தான் சிமிசோலா தன்னைக் காக்காய் பிடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். தன் துணிக்கடைப் பலகையிலும் 'வெள்ளி' என்றே எழுதிவிட்டாள்.

அபேனியின் இரட்டைப் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் விருந்து. வீடு கொள்ளாத கூட்டம்.

"நான் வானத்துலயே பளபளன்னு மின்னுறவ. நீ வறண்டுபோன செம்மண் காடுடி!" என்று தங்கையைச் சீண்டினாள் இபிரோன்கே. பிறகு சிமிசோலாவைக் கூப்பிட்டாள். "ஏய் டீச்சர், எப்படி இவ்வளவு பொருத்தமாப் பிடிச்சே? எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு!"

சிமிசோலா மரியாதையாக முழங்காலிட்டாள்.

"நிலாவை எண்ணித்தான் வெச்சேன் அண்ணி. உங்க பெரிய அண்ணனைச் சுத்திப் பிள்ளைப் பட்டாளம், அதனால அவர் வியாழன். செவ்வாய்க்கு ரெண்டு நிலா, இவங்களுக்கு ரெட்டைப் பிள்ளைங்க."

"அப்ப வெள்ளிக்கு எத்தனை?"

"வெள்ளிக்கு நிலாவே கிடையாது அண்ணி."

கல்யாணமாகிப் பதினோரு வருஷமாக ஏறாத கோயில் இல்லை, குடிக்காத கஷாயம் இல்லை என்றிருக்கும் இபிரோன்கேவின் வெறும் மடியை, வீடே திரும்பிப் பார்த்தது.

சிமிசோலா குனிந்த தலை நிமிராமல் கரண்டியை எடுத்தாள்.

"கொஞ்சம் குழம்பு ஊத்தட்டுமா அண்ணி?"