உப்புக் கரிக்குதோ?

“டொக்டர் தொண்டைக்குள்ளை உப்புக் கரிக்குதோ எண்டு கேப்பார். ஓம் எண்டு மட்டும் சொல்லுங்கோ. வேறை ஒண்டும் கதைக்க வேண்டாம்” என்றாள் குணலட்சுமி, கணவரை வாங்கில் இருத்தியபடி.

நொத்தாரிசு மார்க்கண்டு தலையாட்டினார். முப்பது வருஷமாக ஊராரின் காணி உறுதிகளுக்கெல்லாம் ‘உண்மை’ என்று கையெழுத்து வைத்த மனிதர். ஒரு பொய் சொல்ல அவருக்கா பழக்க வேண்டும்?

இணுவிலில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கண் முகாம். தரைப்பாதை மூடிக்கிடந்ததால் கப்பலில் வந்திறங்கிய டொக்டர் மூன்று நாள்தான் நிற்பார். அடுத்த முறை எப்போது என்பதைச் சண்டையிடம்தான் கேட்க வேண்டும். மார்க்கண்டரின் இடக்கண் போய்க் கனகாலம். இப்போது வலக்கண்ணையும் புரை மூடிவிட்டது. இந்த முறை ஒப்பரேசன் நடக்காவிட்டால், உறுதி எழுத வருகிற சனம் அடுத்த தெரு நொத்தாரிசு நடராசாவிடம் போய்விடும். புரையைவிட நடராசாவின் நினைப்புத்தான் அவரை வருத்தியது.

ஆனால் அந்த வலக்கண் ஐந்து வருஷமாக ஓயாமல் வடிகிறது. மூக்கோரத்தை அமத்தினால் சீழ் வரும். லேஞ்சியால் துடைத்துவிட்டு, அடுப்புப் புகை என்பார். அடுப்படிப் பக்கம் அவர் எட்டிப் பார்த்ததே இல்லை.

தாதி காலையிலேயே எல்லோருக்கும் விளங்கப்படுத்தியிருந்தாள். கண்ணீர் மூக்குக்குள் இறங்குகிற குழாய் அடைத்திருந்தால், அதற்குள் கிருமி தேங்கி நிற்கும். அதோடு புரையை வெட்டினால் கிருமி கண்ணுக்குள் போய்க் கண்ணே அழுகிவிடும். அதனால் கண்ணோரத்துத் துளையில் உப்புத் தண்ணீர் விட்டுப் பார்ப்பார்கள். குழாய் திறந்திருந்தால் தண்ணீர் தொண்டைக்கு வந்து கரிக்கும். அடைத்தவர்களுக்கு முதலில் அடைப்புக்கு வைத்தியம், புரை பிறகு.

மார்க்கண்டரின் காதில் ‘பிறகு’ என்ற சொல் மட்டும் விழுந்தது. நேற்று வந்துபோனவர்கள் டொக்டரின் கேள்வியையும் அதற்கான விடையையும் ஊர் முழுக்கப் பரப்பியிருந்தார்கள். சோதனைப் பேப்பர் கையில் கிடைத்தவன் எதற்குப் படிக்கிறான்?

அவருக்கு முன்னால் உரும்பிராய் ஏரம்பு, வெங்காயத் தோட்டக்காரர். டொக்டர் அவருடைய கண்ணில் தண்ணீர் விட்டு, கரிக்குதோ என்று கேட்டார்.

“தண்ணி தொண்டைக்கு வருது ஐயா. உப்புக் கிப்பு ஒண்டுமில்லை.”

டொக்டர் அவரை உள் வாங்கில் இருக்கச் சொன்னார். மார்க்கண்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அறுபது வயதாகியும் ஒரு ‘ஓம்’ சொல்லத் தெரியாத மனிதனுக்குக் கண் தெரிந்துதான் என்ன, தெரியாமல்தான் என்ன என்று மனைவியின் காதுக்குள் சொன்னார். இப்படிப்பட்ட ஆட்கள் இருப்பதால்தான் நொத்தாரிசுமார் பிழைக்கிறார்கள் என்றும் சொன்னார்.

அவருடைய முறை வந்தது. உள்ளுக்குள் பயம்தான். விட்ட தண்ணீர் முழுவதும் கன்னத்தால் வழிந்தது. தொண்டைக்கு ஒரு சொட்டும் வரவில்லை.

“கரிக்குதோ ஐயா?”

“ஓம். கடல் தண்ணி மாதிரிக் கரிக்குது.”

அதோடு விட்டாரா? நம்பிக்கைக்கு ஒருமுறை இருமியும் காட்டினார். டொக்டர் ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார். அதைக் குணலட்சுமி வாசித்தாள். இரண்டு கிழமைக்கு மருந்து மட்டும் எழுதியிருந்தது. அந்த நேரம் பார்த்துத் தாதி ஏரம்புவின் கையைப் பிடித்து ஒப்பரேசன் அறைக்குள் கூட்டிப் போனாள்.

மார்க்கண்டருக்குள் இருந்த சட்டம் எழும்பி நின்றது.

“டொக்டர், உதென்ன நியாயம்? கரிக்கேல்லை எண்டு சொன்னவருக்கு ஒப்பரேசன். கரிக்குது எண்டு சொன்ன எனக்கு மருந்தோ?”

டொக்டர் அடுத்த ஆளைக் கதிரையில் இருத்திக்கொண்டே சொன்னார்.

“நேற்று வந்த எல்லாருக்கும் கரிச்சது ஐயா. அதாலைதான் இண்டைக்கு நான் உப்புப் போடாத தண்ணி விடுறன்.”