எண்பத்தொன்பதாவது நிமிடம்

“அந்தக் கடைசி கோல் எப்படி விழுந்துச்சு தம்பி?”

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பிளம்பர் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார். மடியில் சுருட்டிய நீலக் கொடி கிடந்தது.

மைதானத்திலிருந்து ரயில் நிலையத்துக்கு விடும் சிறப்புப் பேருந்துகளில் அதுதான் கடைசி. கால்பந்து ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. தோற்ற துக்கத்தில் அவர் இருக்கையை விட்டு எழவே பாதி நேரம் போய்விட்டது. இனி ரயில், அதிலிருந்து இறங்கினால் இன்னொரு பஸ். வீடு போய்ச் சேர இரண்டு மணி நேரம். அவருடைய அணியான நீலச் சட்டைப் பெண்கள் ஜெயித்த நாட்களில் அந்த இரண்டு மணி நேரம் போவதே தெரியாது. இன்று சுரங்கப்பாதை தாண்டுவதற்குள்ளேயே அலுத்துவிட்டது.

பக்கத்து இருக்கைக்காரர் விடுவதாக இல்லை. ஐம்பதைத் தாண்டியவர். மடியில் துணிப்பை.

“எதிர் டீம்ல அந்தப் பதினாலாம் நம்பர் பொண்ணுதானே அடிச்சது?”

“அவளேதான். அண்ணே, நானே வயித்தெரிச்சல்ல இருக்கேன். வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சாதீங்க.”

“கோவிச்சுக்காதீங்க. எப்படி அடிச்சான்னு மட்டும் சொல்லுங்க, போதும்.”

“ஏன், நீங்க மேட்சுக்கு வரலையா?”

“வந்தேனே. வடக்கு கோலுக்குப் பின்னாடிதான் நின்னேன். போஸ்ட்டுக்கும் எனக்கும் பத்தடி இருக்கும்.”

“கோல் விழுந்ததே அங்கதானே! பத்தடியில நின்னுக்கிட்டு என்னைக் கேக்குறீங்களா? கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?”

“பிடரியில இருந்திருந்தா பாத்திருப்பேன்” என்று அவர் சிரித்தார். பையைத் திறந்து, உள்ளே மடித்து வைத்திருந்த மஞ்சள் நிற மேல்சட்டையைக் காட்டினார். மைதானக் காவலாளிகள் போட்டுக்கொள்வது.

“எங்க வேலையே உங்களைப் பாக்குறதுதான் தம்பி. ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, கூட்டத்தையே பாத்துக்கிட்டு நிக்கணும். மேல கேமரா இருக்கு. திரும்பினா அன்னிக்கே சீட்டைக் கிழிச்சிடுவாங்க. பதினோரு வருஷமாச்சு, ஒரு கோல் பாத்ததில்ல.”

பிளம்பருக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது.

“அடக் கடவுளே! அப்ப நம்ம டீம் அடிக்கிறதெல்லாம்?”

“உங்க மூஞ்சியைப் பாத்தே தெரிஞ்சுக்குவேன். வாயைப் பொளந்தீங்கன்னா தூரத்துல இருந்து அடிச்சது. தலையில கையை வச்சா போஸ்ட்டுல பட்டுடுச்சுன்னு அர்த்தம். ஆனா இன்னிக்கு அந்தக் கோலுக்கு எல்லா மூஞ்சியும் ஒரே மாதிரி செத்துப்போச்சு. ஒண்ணும் விளங்கல.”

“ராத்திரி டிவியில போடுவான், பாத்துக்குங்க.”

“அதுவரைக்கும் தாங்காது தம்பி.”

பிளம்பர் தன் கைபேசியை எடுத்துப் பார்த்தார். அதில் உயிர் இல்லை. பெருமூச்சு விட்டபடி கொடியை முன் இருக்கையின் கம்பியில் சாய்த்து வைத்தார்.

“சரி, கேளுங்க. எண்பத்தொன்பதாவது நிமிஷம். ஒண்ணுக்கு ஒண்ணு. நம்ம ஆளு ஒருத்தி பந்தைத் தப்பாக் குடுத்தா. குறுக்க இந்தப் பதினாலு பூந்துட்டா. இடது காலால பந்தை நிறுத்தினா.”

“இடது காலா? நல்லாப் பாத்தீங்களா?”

“இடதுதான். அப்புறம் ஓங்கி அடிக்கிற மாதிரி காலைத் தூக்கினா. நம்ம கீப்பர் அதை நம்பி வலப்பக்கம் பாஞ்சுட்டா. இவ சாவகாசமா இடது மூலையில உருட்டிவிட்டா. தொட்டில்ல குழந்தையைப் போடுற மாதிரி, அவ்வளவு மெதுவா.” பிளம்பர் கையால் உருட்டிக் காட்டினார். “நம்ம வாயில மண்ணைப் போட்டவதான். ஆனாலும் சொல்றேண்ணே, அழகான கோல்.”

“அடிச்சதும் என்ன பண்ணினா?”

“அதுதான் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அவங்க ஆளுங்க பக்கம் போகாம, நேரா நம்ம ஸ்டாண்டு முன்னாடி வந்து நின்னா. உங்க முதுகுக்குப் பின்னாடிதான் நின்னிருப்பா. நெத்தியில கையை வச்சுக்கிட்டு யாரையோ தேடுற மாதிரி ஒரு பாவலா. வெறுப்பேத்துறாளாம்! நாங்க விட்ட ஊளையில ஓடியே போயிட்டா.”

“ஊளை கேட்டுச்சு” என்றார் காவலாளி. “ரொம்ப நேரம் தேடினாளோ?”

“அரை நிமிஷம் இருக்கும்.”

காவலாளி தலையாட்டினார். பிறகு வாய்க்குள்ளேயே ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார். இடது கால். கீப்பர் வலப்பக்கம். இடது மூலை.

“என்னண்ணே, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி இருக்கு?” என்று பிளம்பர் சிரித்தார். தோற்ற பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

பேருந்து சிக்னலில் நின்றது. காவலாளியின் சட்டைப் பையில் பழைய பொத்தான் போன் அடித்தது. அவர் மஞ்சள் சட்டையைப் பைக்குள் அழுத்திவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தார்.

“பாத்தேம்மா, பாக்காம இருப்பேனா! சொன்ன மாதிரியே லீவு போட்டுட்டு வடக்கு ஸ்டாண்டுல உக்காந்திருந்தேன். இடது காலால நிறுத்தி, கீப்பரை வலப்பக்கம் விழவச்சு, தொட்டில்ல குழந்தையைப் போடுற மாதிரி உருட்டிவிட்டியே... அப்புறம் நீ நெத்தியில கையை வச்சுத் தேடினப்போ, அப்பா எந்திரிச்சு நின்னு ரெண்டு கையையும் ஆட்டினேன். உனக்குத்தான் தெரியலம்மா.”