மூன்று மில்லிமீட்டர்

மணி பதினொன்று நாற்பது.

தூசி நுழையாத அந்த ஆய்வறைக்குள் அவள் தனியாக இருந்தாள். தலை முதல் கால் வரை வெள்ளை உடை. கண்கள் மட்டும் வெளியே.

அளக்கும் கருவியின்மேல் சாப்பாட்டுத் தட்டளவு சிலிக்கான் தகடு. இப்படிப்பட்ட தகட்டை வெட்டித்தான் கணினிச் சிப்புகள் செய்வார்கள். அதன்மேல் அவள் படியவைத்த மெல்லிய படலம். முனைவர் பட்டத்துக்கு ஆறு வருடம். பட்டத்துக்குப் பிறகு மூன்று. எல்லாம் இந்தப் படலத்தோடுதான்.

தடிமன் எங்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

நடுவில் இருந்தது. ஓரத்தில் இல்லை.

சுவரிலிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. பேராசிரியர் தணிகாசலம்.

"என்னம்மா, ஓரத்துல எவ்வளவு விட்டு அளக்குற?"

"மூணு மில்லிமீட்டர் சார்."

"விளையாடுறியா? பதினஞ்சு வை. கம்பெனிக்காரங்க பன்னெண்டுக்கு வந்துடுவாங்க. அவங்க ஓகே சொன்னாத்தான் அடுத்த வருஷம் உனக்கு இங்க வேலை. புரியுதா?"

புரிந்தது.

மூன்று என்பது தொழிற்சாலைகள் விடும் அளவு. தகட்டைப் பிடிக்க அவ்வளவு போதும். பதினைந்து விட்டால் தகட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கணக்கிலேயே வராது.

மீதி அழகாக இருக்கும்.

தன் ஆய்வேட்டில் அவளும் பதினைந்துதான் வைத்திருந்தாள். வாய்மொழித் தேர்வில் யாரும் கேட்கவில்லை. கை தட்டினார்கள்.

எட்டு மாதமாக அந்த ஓரத்தோடு மல்லுக்கட்டுகிறாள். வாயு அங்கே போதுமான அளவு போய்ச் சேரவில்லை. அவ்வளவுதான் கோளாறு. இன்னும் ஒரு வருடம் இருந்தால் சரிசெய்துவிடலாம்.

படத்திலேயே இல்லாத கோளாறைச் சரிசெய்ய யார் ஒரு வருடம் கொடுப்பார்கள்?

கையுறை விரலால் பதினைந்து என்று அடித்தாள்.

பார்த்தாள்.

அழித்தாள்.

மூன்று.

தகடு மெல்லச் சுழன்றது.

பன்னிரண்டுக்குக் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நான்கு பேர் நின்றார்கள். முன்னால் நிறுவனத்தின் பொறியாளர், நரைமீசைக்காரர். பக்கத்தில் பேராசிரியர். அவர்கள் பக்கத்துத் திரையில் தகட்டின் படம் விரிந்தது.

நடுவெல்லாம் பச்சை. சுற்றிலும் செக்கச்செவேலென்று ஒரு வளையம்.

நரைமீசை திரையை நெருங்கிக் குனிந்தது.

பேராசிரியர் சிரித்தார். ஒலிபெருக்கி திறந்தே இருந்தது.

"ஓரத்தைப் பாக்காதீங்க சார். பொண்ணு தெரியாம அதையும் சேத்து அளந்துடுச்சு. அதெல்லாம் கணக்குல வராது."

அவள் கண்ணாடிவரை நடந்தாள். அந்த உடையில் வேகமாக நடக்க முடியாது. எல்லோரும் காத்திருக்க வேண்டியிருந்தது.

பேசும் பொத்தானை அழுத்தினாள். பேராசிரியரைப் பார்க்கவில்லை.

"தெரிஞ்சேதான் அளந்தேன். உங்க ஃபேக்டரியில, ஓரத்துல வர்ற சிப்பைக் குப்பையில போட்டுடுவீங்களா சார்?"