பயங்கரத்துக்கு ஓர் ஆள் குறைவு

ராஜபாளையம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் செல்லத்தாய் அக்காவும் ஒரே ஆளுக்காகக் காத்திருந்தோம்.

உள்ளே கிடப்பது அவர் கணவர் சின்னக்கருப்பன். காலையில் சேத்தூர் பக்கம் லாரி மோதி ஷேர் ஆட்டோ கவிழ்ந்ததில் இரண்டு பேர் அங்கேயே போய்விட்டார்கள். இவர் மூன்றாவது.

நான் பத்திரிகை நிருபர். பதினெட்டு வருடமாக இந்த வட்டாரத்தில் எது நடந்தாலும், நான் பயங்கரம் என்று எழுதினால்தான் அது பயங்கரம்.

அதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறோம். ஒருவரோ இருவரோ செத்தால் தலைப்பில் ‘பரிதாபம்’, உள்பக்க மூலையில். மூன்று பேர் என்றால்தான் ‘பயங்கரம்’. முதல் பக்கம், கட்டம் கட்டி, என் பெயரோடு வரும்.

வீட்டில் இந்தச் சட்டம் செல்லாது. என் மனைவி வெங்கடேஸ்வரிக்குக் கொசு பயங்கரம், வெயில் பயங்கரம், என் குறட்டை படுபயங்கரம். ஆளை எண்ணாமல் அந்த வார்த்தையை இப்படி வாரி இறைக்காதே என்று கண்டித்திருக்கிறேன். தலையில் அடித்துக்கொண்டு போய்விடுவாள்.

ஐந்து மணிக்கு ஆபீசிலிருந்து போன்.

“அண்ணே, ரெண்டா மூணா? ஆறு மணிக்குப் பக்கத்த முடிக்கணும்.”

இன்னும் தெரியவில்லை என்று குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

அக்கா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சாமியை வேண்டிக்கொண்டிருந்தார். நானும் கண்ணை மூடினேன். என்ன வேண்டினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. போன மாதம்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் நிருபர் நவநீதகிருஷ்ணனுக்கு ஒரு பயங்கரம் கிடைத்தது. எனக்கு இரண்டு வருடமாக ஒன்றும் அமையவில்லை.

ஐந்தரைக்கு டாக்டர் வெளியே வந்தார். பிழைத்துவிட்டார், இனி பயமில்லை என்றார்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஒரு நொடிதான். ஆனாலும் ஆகிவிட்டது. நீயெல்லாம் மனுஷனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் தேடுவதற்குள் அக்கா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“சொந்தக்காரவுகளே எட்டிப் பாக்கல. மத்தியானத்துல இருந்து எங்களுக்காகக் காத்துக் கெடக்கீகளே தம்பி.”

வேலை விஷயமாகத்தான் வந்தேன் என்று இழுத்தேன்.

“தெரியும் தம்பி. எம்மகன் பால்பாண்டி ஆக்சிடென்ட்ல செத்தப்பவும் நீங்கதான வந்தீக. நாலே வரியில அம்புட்டும் எழுதியிருந்தீக. அந்தப் பேப்பர பீரோவுல வச்சிருக்கேன்.”

ஆமாம் என்று தலையாட்டினேன்.

எந்த வருடம், எந்த ரோடு, எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. செத்தது ஒருவர்தானே.