சுரைக்காய்த் தோல்

சீவிய சுரைக்காய்த் தோலை வாளிக்குள் கொட்டப்போன நிரஞ்சலாவின் மணிக்கட்டைப் பூரோபி பிடித்துக்கொள்கிறாள். டென்மார்க்கின் பிராண்டே ஊரில், அதே தொடர்மாடியில் அடுத்த வீட்டுக்காரி, வங்காளி. மாலை எட்டு மணி தாண்டியும் மே மாத வெயில் பூரோபியின் குசினிப் பலகையில் கிடக்கிறது. பச்சைத் தோலை அவள் நூல் நூலாக அரிகிறாள். கடுகெண்ணெய் புகைய, கருஞ்சீரகம் படபடவென்று வெடிக்க, கீறிய மிளகாயோடு தோலும் உள்ளே விழுகிறது. நிரஞ்சலாவுக்கு மூக்கு எரிகிறது. ஆனாலும் தாச்சிக்கு மேலே இன்னும் குனிகிறாள். போர் முடிந்துவிட்டதென்று செய்தி சொல்லி மூன்று நாள். வன்னியிலிருக்கும் தங்கச்சியிடமிருந்து அழைப்பில்லை. உப்புப் போத்தலில் சாய்த்து வைத்த கைபேசியின் திரை கறுப்பாகவே இருக்கிறது. பூரோபி கசகசாவைத் தூவி, சுருண்ட தோலைக் கரண்டியில் அள்ளி நீட்டுகிறாள். மொறுமொறுப்பு, அதன் பின்னால், எதிர்பாராத ஒரு மெல்லிய இனிப்பு. நிரஞ்சலாவின் புருவம் உயர்கிறது. இருவருக்கும் பொதுவான டேனிஷில் அவளுடைய கேள்விகள் தொடங்குகின்றன.

“எவ்வளவு நேரம் வதக்கினனீங்கள்?”

“பத்து நிமிடம்.”

“மூடியோ, மூடாமலோ?”

“முதலில் மூடி.”

“உப்பு எப்ப போட்டனீங்கள்? தோல் முத்தலெண்டா என்ன செய்யிறது?”

“இதென்ன, பரீட்சையா?” பூரோபி சிரிக்கிறாள்.

நிரஞ்சலா சிரிக்கவில்லை. “தங்கச்சி எடுத்தவுடன ‘என்னக்கா சமையல்?’ எண்டுதான் கேப்பாள். ஒண்டும் விடாமல் சொல்லோணும்.”

பூரோபி அடுப்பைத் தணிக்கிறாள். கைபேசியை ஒருமுறை பார்க்கிறாள். பிறகு, தோல் சீவுவதிலிருந்து, மெதுவாகச் சொல்லத் தொடங்குகிறாள்.